தோல் வறண்டால் வாய்க்கு எதற்கு மாத்திரை?

ஓய்வூதியக்காரர்கள் வீட்டில் சாமி அலமாரிக்கு அடுத்தபடியாக நிறைந்திருப்பது மருந்து அலமாரிதான். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. இவையெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தவை. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நாலைந்து வருடமாக அதே அலமாரியில் சில புது டப்பாக்கள் குடியேறியிருக்கின்றன. பயோட்டின், கொலாஜன் பவுடர், மீன் எண்ணெய், பச்சை நிற வைட்டமின் ஈ கேப்சூல், பேர் வாயில் நுழையாத ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய். இது எதுக்குங்க என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "தோல் ரொம்ப வறண்டு போச்சுங்க. அதுக்குத்தான்." யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டால் பதில் பலவிதம். மருந்துக் கடைத் தம்பி சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது, அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்தது.

இது தேவையா என்று இழுத்தால் கடைசியில் ஒரு வாக்கியம் வரும். "இருந்துட்டுப் போகட்டும் சார், கெடுதல் ஒண்ணும் இல்லையே." இந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டத்தான் இந்தப் பதிவு. கெடுதல் இருக்கிறது. அதுவும் நம் வயதுக்காரர்களுக்கு நிறையவே இருக்கிறது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் குப்பி கழுவிக் குப்பி நிரப்பியவன். உப்பு, கடினத்தன்மை, பி.எச். இவைதான் எனக்குச் சோறு போட்டன. தோலைப் பற்றிப் பேச இவன் யார் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தோல் வறட்சியில் பாதி சங்கதி தண்ணீர், சோப்பு, கொழுப்பு இவை மூன்றுக்கும் நடக்கும் பஞ்சாயத்துதான். மீதிப் பாதியைத் தோல் டாக்டர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன்.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள்தான் செங்கல். அவற்றை ஒட்டவைக்கும் கலவை கொழுப்பு. அதில் செராமைடு இருக்கிறது, கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன, நாம் ஆண்டுக்கு ஒரு தடவை சோதித்துப் பார்த்துப் பயப்படுகிற அதே கொலஸ்ட்ராலும் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பது இந்தக் கலவைதான். வயதாக ஆகத் தோல் சுரக்கும் எண்ணெய் குறைகிறது, வியர்வை குறைகிறது, கலவை உதிர்ந்த இடத்தில் புதுக் கலவை பூச உடம்பு அதிக நாள் எடுத்துக்கொள்கிறது. சின்ன வயதில் காலில் நகத்தால் பேர் எழுதி விளையாடினோமே, சிலேட்டுப் பலகை மாதிரி வெள்ளையாகத் தெரியும். அப்போது குளித்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் மறைந்துவிடும். இப்போது எழுதாமலே வெள்ளை வெள்ளையாகச் செதில் நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில்தான் முதலில் தெரியும். காய்ந்த ஏரி மண் வெடித்தது மாதிரிக் கோடு விழும். இது பெரும்பாலும் வயதின் வேலை. வியாதி இல்லை.

வயது செய்யும் வேலையை நாம் கூலி கொடுத்து வேகப்படுத்துகிறோம் என்பதுதான் அடுத்த கதை.

நம் தோலின் பி.எச். சுமார் 5. அதாவது கொஞ்சம் புளிப்புப் பக்கம். சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. இது காரம். சோப்பு அழுக்கை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுக்காது. கலவையில் இருக்கும் கொழுப்பையும் சேர்த்துத்தான் கழுவி விடும். இருபது வயதில் அது தெரியாது, மாலைக்குள் உடம்பு சரிசெய்துவிடும். எழுபதில் மறுநாள் காலைக்குள்ளும் ஆகாது. அதற்குள் நாம் மறுபடியும் சோப்பை எடுத்துவிடுகிறோம். அதுவும் எப்படி? கீசரில் கொதிக்கக் கொதிக்கப் பிடித்த தண்ணீர், தலையிலிருந்து கால் வரை மூன்று முறை சோப்பு, நார் போட்டு ஒரு தேய்ப்பு, கிருமி சாகட்டும் என்று பக்கெட்டில் ஒரு மூடி டெட்டால். பாத்திரம் விளக்கும்போது எண்ணெய்ப் பிசுக்குப் போக இதையேதான் செய்கிறோம். சுடுதண்ணீர், சோப்பு, நார். பிசுக்கு போகிறது. தோலிலும் போகிறது.

அடுத்து என் சொந்தப் பேட்டைக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மென்மையான தண்ணீர், கொஞ்சம் சோப்புக்கே நுரை பொங்கும். போர் தண்ணீரில் குளிப்பவர்கள் கதை வேறு. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. ஆயிரத்தைத் தாண்டிய போர் தண்ணீரையும் நான் சோதித்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசினாக மாறும். வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்புப் போடுவோம். அந்தப் பிசின் தோலில் தங்கி உறுத்தும். அரிக்கிறதே, அழுக்குப் போகவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இன்னும் ஒரு தடவை தேய்ப்போம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடித்து ஈரத்தை உறிஞ்சுவது, மார்கழிக் குளிர், ராத்திரி முழுக்க ஏசி, இவையெல்லாம் இதற்கு மேல் போனஸ்.

சோப்பு உறையில் பொடி எழுத்தில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று சொல்வது. 76 சதவீதமும் மேலும் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'டாய்லெட் சோப்' என்று போடாமல் 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே விற்கலாம். சினிமா நட்சத்திரம் சிரிக்கும் பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. முதல் தரம் வாங்கினாலும் அது காரம்தான் என்பதை மறக்க வேண்டாம். சோப்பே சேராத கட்டி சோப்புகள் இப்போது மருந்துக் கடையில் கிடைக்கின்றன. விலை அதிகம். ஆனால் உடம்பு முழுக்கத் தேய்க்காமல் அக்குள், தொடையிடுக்கு, பாதம் இந்த இடங்களுக்கு மட்டும் போட்டால் ஒரு கட்டி ரொம்ப நாள் வரும். மற்ற இடத்துக்கு வெறும் தண்ணீர் போதும். ஓய்வு பெற்று வீட்டில் பேப்பர் படிக்கும் நமக்குக் கையிலும் காலிலும் தினமும் அப்படி என்ன அழுக்கு சேர்ந்துவிடுகிறது?

இப்போது வாய்க்கு வருவோம். சாப்பாட்டுக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. குன்னூரில் ஒரு காலத்தில் பெரிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. 1958-இல்தான் அது ஹைதராபாத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு முழங்கையும் முழங்காலும் தவளைத் தோல் மாதிரி முள்முள்ளாகத் தடித்துப் போகும். இலங்கையில் இருந்த நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 1933-இல் அதை விவரித்து எழுதி, தவளைத் தோல் என்ற பொருளிலேயே பேர் வைத்தார். சத்துக் குறைவால் வந்தது அது. அதற்கும் முன்னால், 1929-இல், அமெரிக்காவில் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டு வளர்த்தார்கள். எலிகளின் தோலும் வாலும் செதில் செதிலாகப் போயின. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு உடம்புக்கு வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

சரி, அந்த அமிலம் எதில் இருக்கிறது? நல்லெண்ணெயில் ஏறக்குறைய நாற்பது சதவீதம். கடலை எண்ணெயிலும் தாராளமாக. தேங்காய் எண்ணெயில்தான் ரொம்பக் குறைவு. ஒரு நாளைக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் தாளிப்பிலோ இட்லிப் பொடியிலோ உள்ளே போனால் அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்தது. நாமோ கொலஸ்ட்ரால் பயத்தில் எண்ணெயே இல்லாத சமையல் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, அந்த எண்ணெயை கேப்சூலில் அடைத்துப் பத்து மடங்கு விலைக்கு வாங்குகிறோம். இதற்குப் பேர் என்ன என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே சத்துக் குறைந்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். தனியாக இருக்கும் அம்மாக்களைச் சொல்கிறேன். ஒருத்திக்கு எதுக்குச் சமையல் என்று காலையில் காபியும் பன்னும், மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி மீதமான ரசம் சாதம். புரதம் எங்கே? அவர்களுக்கு வேண்டியது ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டலும் தயிரும். டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டு அம்மாவுக்குச் சத்து மாத்திரை வாங்கித் தந்தேன் என்று நிம்மதியாக ஊருக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குறை இருந்த உடம்புக்கு மருந்தானது, குறை இல்லாத உடம்புக்கு இன்னும் நல்லது செய்யும் என்று கிளப்பிவிட்டதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். ரொம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் கீழேதான் வழியும். வழிந்து போனால்கூடப் பரவாயில்லை. தங்குகிறதே, அதுதான் பிரச்சினை. வைட்டமின் ஏ அளவு மீறினால் என்ன ஆகும் தெரியுமா? தோல் வறளும், உதடு வெடிக்கும், முடி கொட்டும். வறட்சிக்கென்று காட் மீன் ஈரல் எண்ணெயையும், கூடவே ஏ சேர்ந்த சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பச்சை கேப்சூல். வைட்டமின் ஈ. 2011-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இருக்கிறது. சுமார் 35,000 ஆண்கள். தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டால் புராஸ்டேட் புற்றுநோய் குறையுமா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஈ சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது. நம் கடைகளில் கிடைக்கும் கேப்சூலும் அதே 400-தான். எழுபது வயது ஆண்கள் பளபளப்புக்காக இதைத் தினமும் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மீன் எண்ணெய் அதிக அளவில் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெயை வறட்டுச் சொறிக்கு மருந்தாக விற்க பிரிட்டனில் இருந்த உரிமத்தை, பலன் நிரூபணமாகவில்லை என்று 2002-இலேயே எடுத்துவிட்டார்கள். அங்கே செல்லாத காசு இங்கே செல்கிறது. கொலாஜன் பவுடர் மாட்டுத் தோலிலிருந்தோ மீன் செதிலிலிருந்தோ எடுப்பது. வயிற்றுக்குள் போனதும் மற்ற புரதம் மாதிரியே துண்டு துண்டாகத்தான் போகும், நேராக முழங்கைக்குப் போய் உட்காராது. சுத்த சைவக் குடும்பத்தில் பூஜை முடித்த கையோடு அதைப் பாலில் கலக்கிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் எழுந்து வந்தேன்.

இவற்றிலெல்லாம் என்னை உண்மையில் பயமுறுத்துவது பயோட்டின்தான். பி வைட்டமின்தானே, தண்ணீரில் கரைந்து சிறுநீரில் போய்விடும் என்பார்கள். போகும். போவதற்கு முன்னால் செய்யும் வேலையைக் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நம் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். முடி, தோல், நகம் என்று விற்கும் மாத்திரையில் இருப்பது 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். முந்நூறு நாளைக்கும் மேலான அளவு ஒரே வாயில். இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பல இயந்திரங்கள் பயோட்டினை ஒரு பசையாகப் பயன்படுத்துகின்றன. தேட வேண்டிய பொருளைப் பிடித்து ஒட்டவைக்க அந்தப் பசை வேண்டும். நம் இரத்தத்திலேயே பயோட்டின் வழிந்தால், பஸ்ஸில் ஏறும் முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எல்லா சீட்டையும் பிடித்துவிட்ட மாதிரி ஆகிவிடும். உண்மையான பயணிக்கு இடம் இல்லை. இயந்திரம் தப்பான எண்ணைக் காட்டும். தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையிலும் குறைவாகக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2017-இல் எச்சரிக்கை விட்டது. பயோட்டின் சாப்பிட்டிருந்த ஒருவரின் ட்ரோபோனின் தவறாகக் குறைந்து காட்டி, அவர் இறந்துபோனதை அந்த எச்சரிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்கள். 2019-இல் மறுபடியும் எச்சரித்தார்கள்.

இதை நம் வறட்டுத் தோலோடு சேர்த்துப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் வரும் முதல் அறிகுறிகளில் ஒன்று தோல் வறட்சி. அப்போது டி.எஸ்.எச். ஏறும். தோல் வறள்கிறது என்று பயோட்டின் போடுகிறோம். அந்தப் பயோட்டினே டி.எஸ்.எச்.-ஐ இறக்கிக் காட்டுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சீட்டு வருகிறது. நோயைக் காட்டிக்கொடுக்க வந்த சாட்சியின் வாயை நாமே மாத்திரை கொடுத்து அடைக்கிறோம்.

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஒரு நண்பர், எழுபத்தொரு வயது, ஆசிரியராக இருந்தவர். தோல் வறண்டது, கூடவே மலச்சிக்கல், குளிர் தாங்கவில்லை, பகலெல்லாம் தூக்கம். வயசாச்சு சார் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். மருமகள் அக்கறையாக வாங்கிக் கொடுத்த பயோட்டினை ஏழெட்டு மாதமாகத் தவறாமல் சாப்பிட்டு வந்தார். தைராய்டு பார்த்தார்கள், நார்மல். குரல் கரகரப்பாக மாறி, முகம் ஊதின பிறகு வேறொரு டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நான் எழுதாத மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா அய்யா?" டப்பா வெளியே வந்தது. நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால் டி.எஸ்.எச். எங்கேயோ போய் நிற்கிறது. ஒரு சின்னத் தைராய்டு மாத்திரை, தினம் ஒன்று, காலையில் வெறும் வயிற்றில். மூன்று மாதத்தில் எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். முழு வருடம் ஒன்று அவருக்கு வீணாகப் போனது. இரத்தம் எடுத்த இடத்தில் ஒருவரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெடுதல் ஒன்றும் இல்லையே என்பவர்கள் அவர் வீட்டம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

தண்ணீர் உபதேசத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். தினம் நான்கு லிட்டர் குடித்தால் தோல் மினுமினுக்குமாம். உடம்பில் நீர் வற்றிப்போனவர்களுக்குத் தண்ணீர் அவசியம். தாகத்துக்குக் குடிப்பதைக் குறைக்கவும் வேண்டாம். ஆனால் போதுமான அளவு குடிப்பவர் மேலும் குடித்தால் சிறுநீரகத்துக்குத்தான் வேலை. மாடித் தொட்டியில் விரிசல் விட்டிருந்தால் விரிசலை அடைப்பீர்களா, மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டுவீர்களா? இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். அவர்கள் வாட்ஸ்அப் கணக்கில் நான்கு லிட்டர் குடித்தால் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில்தான் கண் விழிப்பார்கள். அனுப்பிய புண்ணியவானுக்கு அது தெரியவும் தெரியாது.

அப்படியானால் என்னதான் செய்வது? விரிசலை அடைப்பதுதான். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து பத்து நிமிடக் குளியல், சோப்பு மூன்று இடத்துக்கு மட்டும். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், மேலே ஏதாவது ஒரு பூச்சு. காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் பூச்சின் வேலை. எதைப் பூசுவது என்பதில் பெரிய தத்துவம் இல்லை. அமெரிக்காக்காரர் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய வாசலினை ஈரத்தைப் பூட்டுவதில் மிஞ்ச இன்றுவரை அதிகம் வரவில்லை. பிசுபிசுப்பு பிடிக்காதவர்களுக்குத் தேங்காய் எண்ணெய். பிலிப்பைன்ஸில் தோல் வறண்ட 34 பேரை வைத்து, பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெயும் பாதிப் பேருக்கு மினரல் ஆயிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-இல் வந்த ஆய்வு. இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்தன. பெரிய பாட்டிலில் பிள்ளைகள் வாங்கிவரும் ஆலிவ் எண்ணெயைத் தோலுக்குப் போட வேண்டாம். அது அந்தக் கலவையைக் குலைக்கிறது என்று 2013-இல் இங்கிலாந்தில் பார்த்திருக்கிறார்கள். சாலட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். குதிகால் பித்தவெடிப்புக்கும், செதில் தடித்த காலுக்கும் யூரியா சேர்ந்த களிம்பு நன்றாகக் கேட்கும். வெடிப்பு ஆழமாக இருந்தால் கொஞ்சம் எரியும்.

பாட்டி வைத்தியத்துக்காரர்கள் இதைப் படித்துக் குஷியாக வேண்டாம். எலுமிச்சம் பழத்தை உப்பில் தொட்டு முழங்காலில் தேய்ப்பது, கடலை மாவு போட்டுப் பரபரவென்று உரசுவது, இதெல்லாம் மாத்திரைக்கு அண்ணன்தான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளிப்பது நல்ல வழக்கம். ஆனால் எழுபது வயதில் பளிங்குத் தரைக் குளியலறையில் எண்ணெய்க் காலோடு நிற்பது தற்கொலைக்குச் சமம். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். குளித்து வெளியே வந்து, கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து பூசுங்கள். பாதத்தில் பூசினால் உடனே எழுந்து நடக்க வேண்டாம்.

சர்க்கரைக்காரர்களுக்கு இது அழகு விஷயமே இல்லை. சர்க்கரை நரம்பைக் கெடுக்கும்போது பாதத்தில் வியர்வை நின்றுவிடும், தோல் காய்ந்து வெடிக்கும். வெடித்தது தெரியாமல் உணர்ச்சியும் குறைந்திருக்கும். அந்த வெடிப்புதான் கிருமிக்கு வாசல். அங்கே தொடங்கியது விரலில் போய், சில சமயம் காலிலேயே போய் முடிகிறது. தினம் ராத்திரி பாதத்தில் பூசுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

பூசியும் இரண்டு மூன்று வாரத்தில் அரிப்பு நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீரகம், ஈரல், இரும்புச்சத்துக் குறைவு என்று அரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆட்கள் பலர். ராத்திரியில் அதிகமாக அரித்து, விரல் இடுக்கிலும் அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் அது சொறிப் பூச்சியின் வேலை, எண்ணெய்க்கு அசையாது. ஒரு இடம் மட்டும் வெளுத்து வறண்டு, அங்கே தொட்டால் உணர்வு இல்லையென்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், தொழுநோய் இன்னும் ஊரை விட்டுப் போய்விடவில்லை. தயவுசெய்து கடைத் தம்பி எடுத்துக் கொடுக்கும் அந்தச் சின்ன டியூபை வாங்காதீர்கள். ஸ்டீராய்டு சேர்ந்த பல களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் உத்தரவே வந்தது. உத்தரவு ஒரு பக்கம், கவுண்டர் ஒரு பக்கம். ஏற்கெனவே சிகரெட் தாள் மாதிரி ஆகிவிட்ட நம் தோலை அது இன்னும் மெலிய வைக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பூசுவது யார்? எழுபத்தைந்து வயதில் குனிந்தால் பாதம் எட்டாது. முதுகு யாருக்குமே எட்டாது. வறட்சியும் அரிப்பும் அதிகம் இருப்பது இந்த இரண்டு இடத்தில்தான். சீப்பின் பின்பக்கத்தாலும், கதவு நிலையில் முதுகை உரசியும், மயிலிறகுக் காம்பாலும் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். கணவன் மனைவி இருவரும் இருக்கும் வீட்டில் பிரச்சினை இல்லை, ஒருவருக்கு ஒருவர். ஒருவர் போய்விட்ட வீட்டில்? பெற்ற மகனிடம் முதுகில் எண்ணெய் தடவிவிடு என்று கேட்க எத்தனை அப்பாக்களுக்கு வாய் வரும்? பிறந்த குழந்தைக்குத் தினம் எண்ணெய் தடவிக் கை கால் நீவி விடுகிறோம். அந்தக் குழந்தைக்கு எழுபத்தைந்து வயதாகும்போது ஒரு டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறோம். டப்பாவுக்கு ஆயிரம் ரூபாய் ஆகிறது. தடவிவிடப் பத்து நிமிடம் ஆகும். ஆயிரம் ரூபாய் இருக்கிறவர்களிடம் பத்து நிமிடம் இருப்பதில்லை என்பதை மாத்திரைக் கம்பெனிகள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன.

கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு ஒரு உபாயம். ஒரு மீட்டர் நீளப் பருத்தித் துண்டின் நடுவில் வாசலினைப் பூசி, இரண்டு முனையையும் பிடித்து முதுகுக்குப் பின்னால் இழுத்து இழுத்து விடுங்கள். உட்கார்ந்தபடி செய்யுங்கள். முழுசாகப் படாது, முக்கால்வாசி படும்.

பரிசோதனைக் கூடம் நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இரத்தம் எடுக்கும் முன் வெறும் வயிறா என்று கேட்கிறீர்கள். பயோட்டின் சாப்பிடுகிறீர்களா என்று இன்னொரு கேள்வி கேட்க எத்தனை விநாடி ஆகும்? பதிவுச் சீட்டில் ஒரு வரி அச்சடித்தால் போதும், தமிழில். அவர்கள் கேட்கும்வரை நாமே சொல்ல வேண்டியதுதான். அடுத்த தடவை தைராய்டு பார்க்கப் போகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே அதை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு வலி என்று அவசரமாகப் போகிற இடத்தில் நிறுத்த அவகாசம் இருக்காது. அலமாரியில் டாக்டர் எழுதாத டப்பா எது இருந்தாலும் அதன் பேரை ஒரு தாளில் எழுதி, ஆதார் அட்டையோடு சேர்த்துப் பர்ஸில் வையுங்கள்.